காடியும் மனச்சாட்சியும்



உங்கள் வீட்டில் புத்தகமோ பாத்திரமோ அடுக்கி வைக்கும் மர அலமாரி ஒன்று இருக்கும். அதன் தட்டுப் பலகை பக்கப் பலகையோடு சேரும் இடத்தை எப்போதாவது உற்றுப் பார்த்ததுண்டா? பெரும்பாலும் இராது. மேலே பூசிய வார்னிஷையும், கதவின் பளபளப்பையும், கைப்பிடியின் அழகையும் பார்த்தே நாம் விலை பேசுகிறோம். தட்டின் முனை பக்கப் பலகைக்குள் எவ்விதம் போய் உட்கார்ந்திருக்கிறது என்பது வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. செய்த தச்சனுக்குத் தெரியும், சர்வேசுரனுக்குத் தெரியும்.

இதிலிருந்து ஒரு கேள்வி பிறக்கிறது. யாரும் பார்க்க முடியாத இடத்தில் வேலையைச் சரியாகச் செய்யக் கடமை உண்டா? உண்டென்றால் எவ்வளவு சரியாக? செய்யாமல் விட்டால் அது வெறும் சோம்பலா, அல்லது பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிய பாவமா? இது தச்சர்களுக்கு மாத்திரம் உரிய கேள்வி என்று மற்றவர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். கணக்கெழுதுகிறவர், பாடம் நடத்துகிறவர், சமைக்கிறவர், நோயாளியைக் கவனிக்கிறவர் எல்லோருடைய வேலையிலும் பிறர் பார்க்காத ஓர் இடம் உண்டு. தச்சு வேலையில் அதைக் கையால் தொட்டுக் காட்ட முடியும் என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம்.

பலகையின் ரேகைக்குக் குறுக்கே வெட்டும் சதுரப் பள்ளத்துக்குக் காடி என்று பெயர். 18 மில்லிமீட்டர் கனமுள்ள பக்கப் பலகையில் சுமார் 6 மில்லிமீட்டர் ஆழம், அதாவது மூன்றில் ஒரு பங்கு, வெட்டுவது வழக்கம். தட்டுப் பலகையின் முனை அந்தப் பள்ளத்துக்குள் அமர்கிறது. அப்போது தட்டின் மேல் வைக்கும் பாரம் காடியின் கீழ்விளிம்பில் இறங்கி, பக்கப் பலகை வழியாகத் தரைக்குப் போய்விடுகிறது. காடி வெட்டாமல் ஆணியோ ஸ்குருவோ மட்டும் போட்டால் பாரம் முழுவதும் அந்த நாலைந்து ஆணிகளைப் பிடித்துக்கொண்டு தொங்கும்.

பசை இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். பசைக்கு ஒரு குணம் உண்டு. மரத்தின் நீளநாரோடு நீளநார் சேருகிற இடத்தில் அது கெட்டியாகப் பிடிக்கும். வெட்டுமுனையிலோ மரம் பஞ்சைப்போல் பசையை உள்ளே இழுத்துக்கொள்ளும், பிடி குறைந்துவிடும். முழுமரப் பலகையில் வெட்டிய காடியில் எந்த முகத்தைப் பார்த்தாலும், சேருகிற இரண்டில் ஒன்று வெட்டுமுனையாகவே இருக்கும். ஆகவே அந்த இணைப்பின் பலம் பசையில் இல்லை. பலகை பள்ளத்தில் பொருந்தி உட்கார்வதில் இருக்கிறது. பொருத்தம் கெட்டால் பலம் கெட்டது.

முற்காலத்து ஆசாரிமார் இரு கோடுகளிலும் வாளால் அறுத்து, நடுவிலுள்ள மரத்தை உளியால் எடுத்துக் காடி செய்வார்கள். இப்போது ரூட்டர் என்ற மின்சாரக் கருவி பல பட்டறைகளில் இருக்கிறது. அதன் பிட் நிமிஷத்துக்குப் 10,000 முதல் 30,000 வரை சுற்றும். அவ்வளவு வேகத்தில் சுற்றுவதை வெறுங்கையால் நேராக ஓட்ட ஒருவராலும் ஆகாது. அதனால் பலகையின் மேல் நேரான ஒரு சட்டத்தைக் கிளாம்ப் போட்டு இறுக்கி, அதை ஒட்டியே ரூட்டரைத் தள்ளுகிறார்கள். கோடு நேராக வருவது சட்டத்தின் உதவியால்தான்.

காடியின் அகலத்தைத் தீர்மானிப்பதில்தான் கைதேர்ந்தவனுக்கும் மற்றவனுக்கும் வித்தியாசம் தெரியும். 18 மில்லிமீட்டர் என்று விற்கும் ஒட்டுப்பலகை பல சமயம் அரை மில்லிமீட்டர் வரை குறைந்திருக்கும். பெயரை நம்பி 18 மில்லிமீட்டர் பிட்டால் வெட்டினால், தட்டு உள்ளே போய் ஆடும். ஆகவே நல்ல வேலைக்காரன் பெயரை நம்புவதில்லை. அளவுகோலைக்கூட முழுதும் நம்புவதில்லை. முதல் சட்டத்தை இறுக்குகிறான். உள்ளே உட்காரவேண்டிய அதே தட்டின் ஒரு துண்டை அதை ஒட்டி நிறுத்துகிறான். பசைக்கு இடம் வேண்டுமென்று ஒரு தாள் காகிதத்தையும் கூட வைக்கிறான். பிறகு இரண்டாவது சட்டத்தை அதோடு நெருக்கி இறுக்கிவிட்டு, துண்டை எடுத்துவிடுகிறான். இரண்டு சட்டங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியே காடியின் அகலம். 12 மில்லிமீட்டர் பிட்டின் கழுத்தில் உள்ள சிறு பேரிங் சட்டத்தின் விளிம்பில் உருண்டு போக, ஒரு சட்டத்தை ஒட்டிப் போய், மற்றதை ஒட்டித் திரும்பி வருகிறான்.

அதற்கு முன்னும் பின்னும் சில்லறை வேலைகள் இருக்கின்றன. வெட்டுமுன் இரு கோடுகளையும் கூரிய கத்தியால் கீறிவிட்டால் விளிம்பில் சிலாம்பு கிளம்பாது. பிட் வெளியேறும் ஓரத்தில் ஒரு கழிவுக்கட்டையை வைத்து இறுக்கினால் அங்கே மரம் பிய்யாது. 6 மில்லிமீட்டர் ஆழத்தையும் ஒரே தடவையில் எடுக்காமல், மூன்று மூன்றாக இரண்டு தடவையில் எடுத்தால் பிட் சூடேறாது. எல்லாவற்றுக்கும் முன்னதாக, வேண்டாத ஒரு துண்டில் வெட்டிப் பொருத்திப் பார்த்துவிட வேண்டும். இவை ஒவ்வொன்றும் சில நிமிஷ வேலை. இவற்றில் ஒன்றையும் விருந்தாளி கண்டு புகழப்போவதில்லை.

சரி, பொருத்தம் என்றால் எது? கையால் அழுத்தினால் தட்டு உள்ளே போக வேண்டும். தலைகீழாகத் தூக்கினால் தானாக விழக்கூடாது. சுத்தியலால் ஓங்கி அடித்து ஏற்ற வேண்டியிருந்தால் அதுவும் பிழையே. பசை முழுதும் வழிக்கப்பட்டு வெளியே வந்துவிடும். சில சமயம் பலகையே வெடித்துப் போகும். இறுக்கமும் குற்றம், தளர்வும் குற்றம். புண்ணியம் இரண்டு மிகைகளுக்கும் நடுவில் இருக்கிறது என்று அரிஸ்டாட்டில் போதித்ததை அர்ச். அக்குவினாஸ் தோமாஸ் ஏற்றுக்கொண்டு விளக்கியிருக்கிறார். அந்த நடு, பாதி வேலை செய்து பாதி விடுகிற நடு ஆகாது. காரியத்துக்கு எது தகுமோ அந்த இடத்தில் சரியாக நிற்பதே நடு.

எவ்வளவு சரியாக என்ற கேள்விக்கும் அரிஸ்டாட்டில் தமது ஒழுக்க நூலின் முதற் புத்தகத்தில் நல்ல உதாரணம் சொல்கிறார். தச்சனும் க்ஷேத்திர கணித வித்வானும் இருவருமே செங்கோணத்தைத் தேடுகிறார்கள். வித்வான் அதன் இயல்பை அறியத் தேடுகிறார். தச்சன் தன் வேலைக்கு எவ்வளவு பிரயோஜனமோ அவ்வளவு தேடுகிறான். இதில் நமக்கு ஓர் ஆறுதல் உண்டு. சர்வேசுரன் நம்மிடம் முடியாத நுட்பத்தைக் கேட்பதில்லை. நூலிழை வித்தியாசத்துக்காக நல்ல பலகையைத் தூக்கி எறிந்து, இராத்திரியெல்லாம் தூங்காமல் கலங்குகிறவன் புண்ணியவாளன் ஆகிவிடமாட்டான். அது வீண் சஞ்சலம். ஆனால் அந்த உதாரணமே ஓர் எச்சரிக்கையும் ஆகும். வேலைக்கு எவ்வளவு தேவையோ அதற்குக் குறையவும் கூடாது. பாரம் தாங்கவே அலமாரி செய்கிறோம். பாரம் தாங்காத காடி, எவ்வளவு பளபளப்பாக மூடியிருந்தாலும், காடியாகாது.

இனிப் புட்டி விஷயத்துக்கு வருவோம். காடி அகலமாகிவிட்டது, தட்டு ஆடுகிறது. மரத்தூளையும் பசையையும் குழைத்து இடைவெளியில் திணித்து, காய்ந்தபின் தேய்த்து, மேலே மைக்கா ஒட்டிவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. பார்வைக்கு அது நிரம்பியிருக்கும். பாரத்துக்கு அது நிரம்பாது. முழுக் கூலியும் வாங்கியாகிவிட்டது. இது பாவமா?

அர்ச். தோமாஸ் தமது வேதசாஸ்திரப் பெருநூலில், இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பகுதி 77-ம் வினாவில், குறையுள்ள பொருளை விற்பதைப்பற்றி விசாரிக்கிறார். நொண்டிக் குதிரையை வேகக் குதிரையென்றும், ஆட்டங்கண்ட வீட்டை உறுதியான வீடென்றும் விற்பதை அவர் உதாரணமாகக் காட்டுகிறார். மறைந்த குறையால் வாங்குகிறவனுக்கு நஷ்டமோ ஆபத்தோ வருமானால், அதை மறைத்து விற்பது அநீதி. நஷ்டத்தை ஈடு செய்யவும் கடமையுண்டு. குறை கண்ணுக்கு நேராகத் தெரிகிறது, விலையும் அதற்கேற்பக் குறைக்கப்பட்டது என்றால், அதை எடுத்துச் சொல்லியே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விற்கும்போது குறை தனக்கே தெரியாதிருந்தால் விற்றவன்மேல் பாவம் இல்லை. ஆனால் பின்னால் தெரியவந்ததும் ஈடு செய்யக் கடமைப்பட்டிருக்கிறான்.

இந்த அளவை நம் காடியில் வைத்துப் பாருங்கள். “ஐயா, இந்த விலைக்குக் காடி வெட்டிச் செய்ய முடியாது, ஆணியடித்துத்தான் தருவேன், கனமான சாமான் வைக்காதீர்கள்” என்று தச்சன் முன்கூட்டிச் சொல்லி, வாங்குகிறவரும் சம்மதித்தால் அதில் பாவமில்லை. மலிவான வேலை வேறு, பொய்யான வேலை வேறு. “உறுதியாகச் செய்திருக்கிறேன்” என்று சொல்லி, புட்டியால் மூடி, முழு விலை வாங்குவது ஏழாம் கற்பனைக்கு விரோதமான களவு. அந்தத் தட்டு குழந்தை படுக்கும் கட்டிலுக்கு மேலே இருக்குமானால் ஐந்தாம் கற்பனையும் அதில் சேர்ந்துவிடுகிறது. தெரியாமல் தவறிய வேலையோ பாவமல்ல. ஆனால் மூன்று மாதம் கழித்துத் தெரியவந்தால், கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய்ச் சரிசெய்து கொடுக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு ஒரு தச்சர் இப்படிச் சொல்லக்கூடும்: “சாமி, சட்டம் எளிது, பிழைப்பு கடினம். நான் ஒரு காடிக்கு அரைமணி நேரம் செலவழித்தால், அடுத்த தெருக்காரன் அதே நேரத்தில் அலமாரியையே முடித்து ஆயிரம் ரூபாய் குறைத்துக் கேட்பான். வீட்டுக்காரர் அவனிடம்தான் போவார். என் பிள்ளைகள் பள்ளிச் சம்பளத்துக்கு நான் எங்கே போவேன்?” இது சாக்குப்போக்கு அல்ல. இதை அலட்சியமாய்த் தள்ளுகிறவர் தச்சு வேலையையும் அறியார், வறுமையையும் அறியார்.

முதலாவது, இந்தப் பாரத்தில் ஒரு பங்கு வாங்குகிறவர்கள் தலையில் ஏறவேண்டும். கூலியை அடிமட்டத்துக்கு அடித்துப் பேசிவிட்டு, பிறகு வேலை சரியில்லையென்று ஊரெல்லாம் சொல்வது நீதியா? பாப்பரசர் 13-ம் சிங்கராயர் 1891-ம் ஆண்டு வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ என்ற நிருபத்தில், இருவரும் ஒப்புக்கொண்ட கூலி என்பதனால் மாத்திரமே அது நியாயமாகிவிடாது என்றும், சிக்கனமாக வாழும் தொழிலாளியைத் தாங்கப் போதுமானதாக அது இருக்கவேண்டும் என்றும் போதித்தார். பிடித்து வைத்த கூலி பரலோகத்தை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்று அர்ச். இயாகப்பர் தமது நிருபத்தில் எச்சரிக்கிறார். நல்ல காடியைக் கேட்கிறவர் அந்த அரைமணி நேரத்துக்குக் கூலி கொடுக்க வேண்டும். கொடுக்க இயலாதவர் எளிய வேலையை எளிய வேலையென்றே கேட்டு வாங்க வேண்டும். ஒருவனைப் பொய்க்குள் தள்ளும் விலையைப் பேசுகிறவர் அந்தப் பொய்யில் பங்காளி.

இரண்டாவது, பட்டறை முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. ரூட்டர் ஓடும்போது எழும் மரத்தூள் மெல்லியது, நெஞ்சுக்குள் போவது. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-ம் ஆண்டு வகைப்படுத்தியது. முகமூடியும் கண்ணாடியும் தூசி இழுக்கும் குழாயும் வாங்கித் தராமல் மிச்சம் பிடிக்கும் பணம், பார்வைக்குத் தெரியாத இன்னொரு புட்டி. அதை நிரப்புவது வேலையாளின் மூச்சு.

மூன்றாவது, பிறரிடம் நாட்கூலிக்கு வேலை செய்கிறவர் நிலை. “பேசாமல் புட்டி வைத்து மூடு” என்று மேஸ்திரி கட்டளையிடுகிறார். மறுத்தால் நாளைக்கு வேலையில்லை. கட்டளையிட்டவர் பொறுப்பே பெரிது. நஷ்டம் சிறிதாயிருந்து, மறுப்பதால் குடும்பத்துக்கு வரும் துன்பம் பெரிதாயிருந்தால், தொழிலாளியின் குற்றம் மிகவும் குறையும். என்றாலும் வாயைத் திறந்து ஒருமுறையாவது, “இது நிற்காது ஐயா” என்று சொல்லிவிட அவர் கடமைப்பட்டிருக்கிறார். ஆனால் ஒருவர் உயிருக்கோ உடலுக்கோ மெய்யாகவே ஆபத்து உண்டானால், வேலை போனாலும் சம்மதிக்கக் கூடாது. அப்படி வேலை இழந்து வரும் ஒருவரை நம் பங்கு பட்டினியாக விட்டுவிட்டால், அந்த வெட்கம் அவருடையதல்ல, நம்முடையது.

இப்போது நாசரேத்துக்குப் போவோம். அர்ச். மத்தேயு எழுதிய சுவிசேஷத்தில் ஊரார் சேசுநாதரைத் தச்சனுடைய குமாரன் என்கிறார்கள், அர்ச். மாற்கு எழுதியதில் அவரையே தச்சன் என்கிறார்கள். இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த வேதசாட்சியான அர்ச். ஜுஸ்தீனுஸ், நம் ஆண்டவர் கலப்பைகளும் நுகத்தடிகளும் செய்தார் என்று எழுதி வைத்திருக்கிறார். நுகத்தடியைச் சற்று நினைத்துப் பாருங்கள். அதன் உட்புறம் சரியாக இழைக்கப்படாவிட்டால் வாங்குகிற விவசாயிக்கு நோகாது. மாட்டின் கழுத்து புண்ணாகும். மாடு வந்து முறையிடாது. பட்டறையில் செய்கிற வேலை பெரும்பாலும் இப்படித்தான்: பிழையின் வலியைச் சுமக்கிறவர் விலை பேசும் இடத்தில் இருப்பதில்லை. அலமாரி வாங்குகிறவர் தகப்பன்; கீழே விளையாடுவது குழந்தை. பிற்காலத்தில் தம்முடைய நுகம் இனிதென்று கூறி நம்மை அழைத்தவர், கழுத்தை உறுத்தாத நுகம் எப்படி இருக்கும் என்பதைக் கையால் செய்து அறிந்தவர் என்று எண்ணும்போது, அந்த அழைப்பு நம் மனத்தில் இன்னும் நெருக்கமாகப் படுகிறதல்லவா?

திருச்சபையும் இந்தப் பட்டறையை மறக்கவில்லை. பாப்பரசர் 12-ம் பத்திநாதர் 1955-ம் ஆண்டு மே மாதம் முதல் தேதியைத் தொழிலாளியான அர்ச். சூசையப்பர் திருநாளாக ஏற்படுத்தினார். சூசையப்பர் பேசிய ஒரு வார்த்தைகூடச் சுவிசேஷங்களில் எழுதப்படவில்லை. அவர் பேச்சு அவர் செய்த வேலை.

கடைசியாக, வழிகாட்டும் சட்டத்தைப்பற்றி இரண்டு குறிப்புகள். ரூட்டர் பிட் மேலிருந்து பார்த்தால் கடிகார முள் போகும் திசையில் சுற்றும். ஆகவே நமக்கு எதிர்ப்புறமாகத் தள்ளும்போது சட்டம் இடப்பக்கம் இருந்தால், பிட்டின் இழுப்பே கருவியைச் சட்டத்தோடு ஒட்டவைக்கும். சட்டம் வலப்பக்கம் இருந்தால் அதே இழுப்பு கருவியைச் சட்டத்தைவிட்டு விலக்கும். தச்சன் அந்தக் கோடு முழுவதும் கருவியோடு போராட வேண்டும். ஒழுக்கத்திலும் இப்படியே. சோதனையோடு தினமும் மல்லுக்கட்டுவதைவிட, நம் பழக்கங்களே நம்மைக் கற்பனையின் பக்கம் இழுக்கும்படி வாழ்க்கையை முன்கூட்டி அமைத்துக்கொள்வது மேல். விலையையும் வேலையையும் தெளிவாக எழுதிக் கொடுக்கிறவனுக்கு, பிற்பாடு பொய் சொல்லும் அவசியம் குறைகிறது. முடிக்கக் கூடிய தேதியைச் சொல்கிறவனுக்குப் புட்டி தேவைப்படுவதில்லை.

மற்றது இதைவிட முக்கியமானது. சட்டமே கோணலாயிருந்தால் ரூட்டர் அந்தக் கோணலை அப்படியே, ஒரு மயிரிழை பிசகாமல், பலகையில் பதித்துவிடும். “நான் சட்டத்தை ஒட்டித்தான் ஓட்டினேன்” என்று சொல்வதால் காடி நேராகிவிடாது. மனச்சாட்சியும் அப்படியே. மனச்சாட்சிப்படி நடக்க நாம் கட்டுப்பட்டவர்கள் என்பது மெய். அதை நேராக்கிக்கொள்ளவும் கட்டுப்பட்டவர்கள். “எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்” என்ற கட்டையை எடுத்துச் சட்டமாக வைத்துக்கொண்டு, அதன்படி நடந்தேன் என்று சொல்வது நம்மைக் காப்பாற்றாது. தச்சன் வேலை தொடங்குமுன் சட்டத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறான். நாமும் தேவ கற்பனைகளையும் திருச்சபையின் போதனையையும் வைத்து இரவுதோறும் ஆத்தும சோதனை செய்வது அதற்காகவே.

ஆகவே இந்த வாரம் ஒவ்வொருவரும் தம் வேலையில் பிறர் பார்க்காத இடம் எது என்று தேடிப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன். தாய்மார்களே, உங்கள் பிள்ளை வீட்டுப்பாடத்தை எழுதி முடித்ததா என்று மாத்திரம் கேளாமல், புரிந்து எழுதியதா என்றும் கேளுங்கள். தகப்பன்மாரே, வீட்டுக்கு வரும் தச்சரிடமும் கொத்தனாரிடமும் விலை பேசுமுன், “நல்லபடி செய்ய எவ்வளவு நேரம் வேண்டும்?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தொழிலாளிகளே, எங்கேயாவது நீங்கள் மூடிவிட்டு வந்த காடி ஒன்று நினைவிலிருந்தால், அந்த வீட்டுக் கதவைத் தட்ட வெட்கப்பட வேண்டாம். போய்த் தட்டைக் கழற்றி, இடைவெளிக்குச் சரியாக ஒரு மரச்சில்லை இழைத்து வைத்து, மறுபடி பொருத்திக் கொடுங்கள். அரைநாள் வேலைதான். வீட்டுக்காரர் ஆச்சரியப்படுவார், நீங்களோ அன்றிரவு நிம்மதியாகத் தூங்குவீர்கள்.

அந்தரங்கத்தில் காண்கிற பரம பிதா உங்கள் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக. அர்ச். சூசையப்பர் நம் பங்கிலுள்ள தொழிலாளர் குடும்பங்கள் அனைத்துக்காகவும் மன்றாடுவாராக.

உங்கள் பங்குக் குருவானவர்